மச்சான் படம் திறக்கவில்லை

மாமனார் வீட்டில் எனக்கு ஒரு பட்டம் உண்டு: கம்ப்யூட்டர் மாப்பிள்ளை. அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் ஆட்களின் வருகைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டை அச்செடுத்துக் கொடுக்கிறேன். வருஷக்கணக்காக ஒரே கட்டங்களில் எண்களைத் தட்டுகிற வேலை, அவ்வளவுதான். ஆனால் நரிக்குடிப் பக்கம் மாமனாரின் கிராமத்தில் "அவுக கம்ப்யூட்டர்ல இருக்காக" என்று யாராவது சொன்னால், நான் அந்தப் பெட்டிக்குள்ளேயே குடியிருக்கிற மாதிரி ஒரு மரியாதை கிடைக்கும். டிவி ரிமோட் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வரும். பின்பக்கத்தைக் கழற்றி, பேட்டரியை உருட்டிவிட்டு, பெரிய காரியம் செய்தவன் முகத்தோடு திருப்பிக் கொடுப்பேன். எதற்கும் 'தெரியாது' என்று சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லாமலே கல்யாணமான நாளிலிருந்து வண்டியை ஓட்டிவந்தேன்.

போன வைகாசியில் என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம், திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் குலசாமி கோயிலில். அதற்கு முந்தைய வருஷமே வைத்திருக்க வேண்டியது. மாமனார் இறந்துவிட்டதால் தள்ளிப்போனது. அவர் போன பிறகு என் மனைவிக்குப் பிறந்த வீடு என்றால் அவளுடைய அண்ணன் ஒருவர்தான். மானாவாரி நிலம், கொஞ்சம் வெள்ளாடுகள், அதிர்ந்து பேசாத மனிதர். மேளத்தோடு சீர் கொண்டுவந்து, தாய்மாமனாகப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது, அப்பா இல்லாமல் அவர் முன்னால் நின்று செய்யப்போகிற முதல் நல்ல காரியம். இரண்டு பக்கத்துச் சொந்தமும் அவர் எப்படி நிற்கிறார் என்றுதான் பார்க்கும்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் படம் இல்லாமல் காதுகுத்து ஃப்ளெக்ஸ் கிடையாது. பிள்ளையின் படம் எவ்வளவு பெரிதோ அதற்குக் கொஞ்சமும் குறையாமல் தாய்மாமன் நிற்க வேண்டும். படம் சிறுத்துவிட்டது என்று பந்தியில் உட்காராமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விசேஷத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கவரை எடுத்து நீட்டினார். உள்ளே ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம். நீலத் திரை, படிய வாரிய தலை, முறுக்கிவிட்ட மீசை.

"ஃப்ளெக்ஸுக்கு இது ஆகுமா மாப்ள? இதுக்குன்னே முடி வெட்டிட்டுப் போயி எடுத்தேன்."

நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம். "என்ன மச்சான், பாஸ்புக்குல ஒட்டுற படம் மாதிரி இருக்கு. இதப் பெருசாக்குனா மூஞ்சி கட்டங்கட்டமா ஒடஞ்சிரும். மாடிக்கு வாங்க, நான் எடுக்குறேன்."

அப்போதுதான் விலை கூடின போன் ஒன்று வாங்கியிருந்தேன். அதன் கேமராவைப் பற்றி ஆலையில் எல்லோரிடமும் பேசித் தீர்த்துவிட்டு, புதிதாக ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம். மாடியில் மச்சான் போலீஸ் தேர்வுக்கு நிற்பவரைப் போல விறைத்து நின்றார். சிரிங்க என்றால் பல்லைக் கடித்தார். கீழேயிருந்து என் மனைவி, "அண்ணே, காப்பி ஆறுது, அவுக பேச்சக் கேட்டு வெயில்ல நிக்காதீக" என்று கத்தினாள். அவர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். அந்த நொடியில் தட்டினேன். அருமையாக விழுந்தது. மாமனார் இறந்ததற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நானா மாப்ள இது?" என்று போனை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். பிறகு கவரைக் காட்டி, "அப்ப இது?" என்றார்.

"அத வச்சுக்கங்க. ரேசன் கடைக்கு ஆகும்."

அவரும் சிரித்துக்கொண்டே அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

பாளையம்பட்டிப் பக்கம் நாங்கள் வழக்கமாகப் போகிற ஃப்ளெக்ஸ் கடைக்கு அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். அதனால் டாக்குமெண்டாக அனுப்பினேன். தெரிந்தவன் அல்லவா!

மறுநாள் ஆலையில் இருக்கும்போது கடைக்காரர் கூப்பிட்டார். "சார், பாப்பா படம் நல்லா இருக்கு. தாய்மாமன் படம் மட்டும் தெறக்க மாட்டேங்குது. வெள்ளைத் தாள் மாதிரி காட்டுது. பேருக்குப் பின்னால எச் இ ஐ சின்னு என்னமோ போட்ருக்கு, என்னது சார் அது?"

அந்த நான்கு எழுத்துகளை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறேன். பக்கத்து மேசையில் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "அதுங்களா, அது ஹை குவாலிட்டி. ஒங்க கம்ப்யூட்டரு தாங்கலபோல. மாத்தி அனுப்புறேன்" என்றேன்.

மாற்றினேன். எப்படி என்று சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. படத்தை ஆலைக் கம்ப்யூட்டரில் இறக்கி, அதன் பெயரின் கடைசியில் இருந்த அந்த நான்கு எழுத்தை அழித்துவிட்டு, ஜேபிஜி என்று தட்டினேன். மூட்டையின் மேல் துவரை என்று எழுதிவிட்டால் உள்ளே இருக்கிற உளுந்து துவரையாகிவிடுமா? ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறேன். திறந்து பார்க்கவில்லை. திறக்காமல் போனால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாது, அதனால் பார்க்கவில்லை. 'இப்பத் தெறக்கும்' என்று எழுதி, கட்டைவிரல் பொம்மை ஒன்றும் போட்டு அனுப்பினேன்.

சாயங்காலம் அவர் மறுபடி கூப்பிட்டார். என் முன்னால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். "சார், இதுவும் தெறக்கல. நாளைக்குப் பூரா கரண்டு கெடையாது, இன்னைக்கே அடிச்சாகணும். ஒங்க மச்சான் படம் பழசு ஒண்ணு நம்ம சிஸ்டத்துல கெடக்கு. அதப் போட்ருவமா?"

"போடுங்க, போடுங்க."

"அடிக்கிறதுக்கு முன்ன மாதிரி ஒண்ணு அனுப்பட்டுமா, பாக்குறீகளா?"

"ஒங்களுக்குத் தெரியாததா? அடிச்சு நீங்களே ஆள் விட்டுக் கட்டிருங்க."

எந்தப் பழைய படம் என்று கேட்கவில்லை. கேட்டால் பேச்சு நீளும். நீண்டால், நான் அனுப்பியது ஏன் திறக்கவில்லை என்ற இடத்துக்கு வந்து நிற்கும்.

காதுகுத்து அன்று காலையில் வேனில் போனோம். கோயில் பாதை திரும்புகிற இடத்தில், வேலிக்கருவைப் புதருக்கு முன்னால், இரண்டு கம்பு நட்டு ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். பட்டுப் பாவாடையில் என் மகள். பக்கத்தில் அவள் உயரத்துக்கு மச்சான். கடைக்காரர் தயாராக வைத்திருக்கிற நீலக் கோட்டு உடம்பில் மச்சான் தலையைப் பொருத்தியிருந்தார். அந்தத் தலை மொட்டை. மீசையும் இல்லை. கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தன. கீழே மஞ்சள் எழுத்தில் 'அன்புத் தாய்மாமன்'.

மாமனாரின் கருமாதிக்கு அதே கடையில் நான்தான் ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொன்னேன். கொள்ளி வைத்த மகன் என்று அதன் ஓரத்தில் போட்ட படம் அது.

மனைவி வேனுக்குள் சத்தம் போடவில்லை. "எங்கப்பா கருமாதிப் படம்ல இது" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "அண்ணன் வாரதுக்குள்ள கழட்டுங்க" என்றாள்.

ஓடினேன். நைலான் கயிற்றை இறுக்கி முடிந்திருந்தார்கள். பல்லால் கடித்துக்கூடப் பார்த்தேன். ஒரு பக்கத்து முடிச்சு இளகுவதற்குள் மேளச் சத்தம் நெருங்கிவிட்டது. கையில் கயிற்றோடு நான் நிற்க, சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு மச்சான் முன்னால் வந்தார். முறுக்கிய மீசை, புது வேட்டி. ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்த மேளக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துப் பெரியப்பா ஒருவர், "என்னப்பா, மொட்ட பிள்ளைக்கா, மாமனுக்கா?" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மச்சான் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "நாம எடுத்தமே, அந்தப் படம் என்னாச்சு மாப்ள?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் வாய், பழகிய பாதையில் போனது. "அது ரொம்பக் குவாலிட்டி மச்சான். கடைக்காரரு கம்ப்யூட்டரு தாங்கல."

தலையாட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "சிரிக்காதீக. மாப்ள எடுத்த படம் ஒண்ணு இருக்கு. டவுனு கம்ப்யூட்டரே தாங்காத குவாலிட்டி. கடைக்காரனுக்குத்தான் தெறக்கத் தெரியல. மாப்ள, காட்டுங்க அத."

காட்டினேன். போன் கைமாறிக் கைமாறிப் போனது. வயதானவர்கள் எட்டப் பிடித்துப் பார்த்தார்கள். போனில் சிரிக்கிற மச்சானைப் பார்ப்பார்கள், அண்ணாந்து கோட்டு போட்ட மொட்டையைப் பார்ப்பார்கள், கடைசியில் என்னைப் பார்ப்பார்கள். நான் சொன்ன பொய்யை அந்த மனுஷன் உண்மை என்று நம்பி, எனக்காக ஊர் முன்னால் சத்தியம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அவமானப்பட்டவர் அவர், காப்பாற்றப்பட்டவன் நான். எனக்குக் காது மடலெல்லாம் எரிந்தது.

சீர் இறங்கியது. மச்சான் என் மகளை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி காது குத்தும்போது அவள் அலறினாள், அவர் துண்டால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். போட்டோகிராபர் எடுத்த படங்களில் பாதியில் அந்த மொட்டைத் தலை பின்னால் நிற்கிறது. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "கம்ப்யூட்டர்ல இருக்கீகன்னு பேரு" என்றாள்.

சில நாள் கழித்து மச்சான் கூப்பிட்டார். "அந்தப் படத்த எனக்கு அனுப்புங்க மாப்ள. ஒங்க தங்கச்சி பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா." அவர் மனைவியைச் சொன்னார். பழையபடி டாக்குமெண்டாகவே அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டு, "தெறக்கல மாப்ள. பரவாயில்ல. ஏம் போனு சின்னப் போனு, அம்புட்டுக் குவாலிட்டிய எங்கிட்டுத் தாங்கும்?" என்றார். கோயில் வாசலில் பட்டதைவிட அது அதிகமாகச் சுட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். இடத்தை மிச்சம் பிடிக்கப் புதுப் போன்கள் படத்தை வேறு விதமாகச் சுருட்டி வைக்கின்றனவாம், பழைய கம்ப்யூட்டர்களுக்கு அதைப் பிரிக்கத் தெரியாதாம். சாதாரணப் படமாக அனுப்பியிருந்தால் வாட்ஸ்அப்பே எல்லா இடத்திலும் திறக்கிற மாதிரி மாற்றி அனுப்பியிருக்கும். என் மகள்கூட என் போனைத் தட்டி யாருக்காவது பொம்மைப் படம் அனுப்பிவிடுவாளே, அந்த மாதிரி. குவாலிட்டி குவாலிட்டி என்று நான் போட்டதுதான் பூட்டு. மச்சானுக்குச் சாதாரணமாக அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"தெறந்துருச்சு மாப்ள! பளிச்சுன்னு இருக்கு. இப்ப என்ன செஞ்சீக?"

"ஒண்ணும் செய்யல மச்சான். எல்லாரும் அனுப்புற மாதிரி அனுப்புனேன்."

அவர் பக்கம் ஆடுகள் கத்துவது கேட்டது.

"அப்ப அன்னைக்கு?"

போனில் ஏதோ கோளாறு என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. கோயிலில் எனக்காகச் சத்தம் போட்ட அவர் முகம் நினைவுக்கு வந்தது. "அன்னைக்கு எனக்குத் தெரியல மச்சான். கடைக்காரரு கேட்டப்பவும் தெரியாது, ஒங்ககிட்டச் சொன்னப்பவும் தெரியாது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அதச் சொல்லியிருந்தா என்ன மாப்ள?" என்றார். "அந்த ஸ்டூடியோப் படத்தக் கொண்டாந்து குடுத்திருப்பேன்ல. காதுகுத்து அன்னைக்கும் அது ஏம் பையிலதான் இருந்துச்சு."