சன்னல் வைத்த பெட்டி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. பூசைக்கு வந்தவர்கள் யாரும் சாப்பிடாமல் போய்விடக் கூடாது. பந்தி போடும்வரை உட்கார்ந்து படிக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன். வீட்டில் அக்காவை வா, போ என்றே பேசிப் பழகியவள் நான். அச்சில் ஏறுவதால் ‘அவர்’ என்று எழுதுகிறேன். அக்கா கேட்டால், “என்னாடி, திடீர்னு மரியாதை பலமா இருக்கு” என்று கேலி செய்வார்.

அக்கா கூடலூரில் பிறந்தார். அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டியவர். குமுளி மலைப்பாதையில் வண்டி உருண்டு அவருக்கு இடுப்பு முறிந்தபோது அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தார், நான் ஆறாவது. யாராவது ஒருத்திதான் படிக்க முடியும் என்ற நிலை வந்தது. அக்கா யாரிடமும் கேட்கவில்லை. மறுவாரமே தேனிக்கு பஸ் ஏறி, கடைவீதியில் ஒரு பேன்சி ஸ்டோரில் சேர்ந்துவிட்டார். அவர் நின்று சம்பாதித்ததில்தான் நான் படித்தேன். உத்தமபாளையத்தில் இன்று அரசு அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

‘நின்று’ என்பதைச் சும்மா எழுதவில்லை. அந்தக் கடையில் வேலைக்கு நிற்கும் பெண்கள் உட்காரக் கூடாது. ஆனால் அங்கே நின்றபடிதான் அக்கா தன் தொழிலைக் கண்டுபிடித்தார். வருகிற பெண்கள் எல்லாரும் ‘மேட்சிங்’ கேட்பார்கள். ஒரு சுடிதாருக்கு வளையல் ஒரு அலமாரி, கிளிப் ஒரு அலமாரி, பொட்டு இன்னொரு அலமாரி என்று அலைந்து, கடைசியில் அலுத்துப்போய் ஒன்றும் வாங்காமல் கிளம்புவார்கள். அக்கா பழைய இனிப்புப் பெட்டியின் மூடியில் துளை போட்டு, ஒரே நிறக் குடும்பத்தில் வளையல், கிளிப், துப்பட்டா பின், கைப்பை நான்கையும் கட்டிக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். முதலாளி பார்த்துச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் அது விற்றுப்போனது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு இன்னும் பத்து செய்யச் சொன்னார்.

அப்படியே அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றுக்கு அக்கா போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அங்கேதான் இருந்தார். கடையில் ஒரு பொருள் எப்படி நிற்க வேண்டும், எது முன்னால் தெரிய வேண்டும், அட்டை என்ன நிறம் என்று முடிவு செய்வது அவர் வேலை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலில் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி மடித்து ஒரு மாதிரிப் பெட்டி செய்வார். அதைத் தூக்கிக்கொண்டு ஏதாவது கடைக்குப் போய் டியூப் லைட் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வருவார். சிவப்பு வளையலைச் சிவப்பு அட்டையில் வைத்தால் வளையல் காணாமல் போகும் என்பார். கிளிப் பெட்டியில் தன் கடைப் பெயர் பெரிதாக வேண்டும் என்று ஒரு வியாபாரி அடம்பிடித்தபோது, “உங்க பேரையா அண்ணாச்சி தலையில மாட்டிக்கிட்டுப் போகப் போறாக?” என்று கேட்டாராம். அந்த ஆள் கோபித்துக்கொண்டு போய், பிறகு எழுத்தைச் சின்னதாக்கச் சம்மதித்துத் திரும்பி வந்தார்.

நம் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த அக்காவின் பெட்டி ஒன்று உண்டு. புதுநன்மை, அதாவது முதல்முறை நற்கருணை, வாங்கும் பிள்ளைகளுக்கு முக்காடு, பூமுடி, கையுறை, கைக்குட்டை, சாக்ஸ் என்று ஐந்து சாமான் வேண்டும். ஐந்தும் ஐந்து கடையில் வாங்கினால் ஒரு வெள்ளை பால், ஒரு வெள்ளை தயிர், ஒன்று நேற்றைய மோர். அக்கா ஐந்தையும் ஒரே வெள்ளையில் சேர்த்து, உள்ளே வெளிர்நீல அட்டை வைத்து ஒரு செட் ஆக்கினார். வெள்ளையை வெள்ளையில் வைத்தால் அழுக்காகத் தெரியும் என்பது அவர் கணக்கு.

அதில் ஒரு சண்டை வந்தது. உள்ளே இருப்பது தெரிவதற்காகப் பெட்டியின் முகப்பில் வெட்டும் ஓட்டைக்கு அந்தத் தொழிலில் சன்னல் என்று பெயர். வழக்கமாக அதில் கண்ணாடித்தாள் ஒட்டிவிடுவார்கள். ஒட்டக் கூடாது என்றார் அக்கா. முக்காட்டு வலை பிள்ளையின் கழுத்தில் குத்துமா என்று தாய் விரலால் தொட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவாள் என்று கேட்டார். கை பட்டால் வெள்ளை கறுத்துப்போகும் என்றார்கள் கடைக்காரர்கள். இரண்டு வாரம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு, சன்னலுக்கு அட்டையிலேயே ஒரு கதவு வைத்தார். திற, தொடு, மூடு. அது நன்றாக ஓடியது. கண்ணாடித்தாள் ஒட்டிய பெட்டியைக் கண்டாலே அக்காவுக்கு ஆகாது. வருகிறவன் பார்ப்பான், விலை கேட்பான், போய்விடுவான், அவ்வளவுதான் என்பார்.

கல்யாணம், குடும்பம் எல்லாம் தேனியிலேயே அமைந்தது. அத்தான் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவர். அதிகம் பேசாதவர், அதனால் அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார். ஒரே மகன் படித்து முடித்து துபாயில் வேலைக்குப் போனான்.

ஒரு மத்தியானம், கம்பெனியில் அட்டையை மடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் வலது கை துவண்டு விழுந்தது. அட்டை வெட்டும் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் சூசை அண்ணன்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பக்கவாதம் என்றார்கள். உயிர் பிழைத்தார். வலது பக்கமும் பேச்சும் போயின. ஊருக்கே பேசிய வாய் அது. ஒரு மாதம் கழித்து இரண்டே சொற்கள் திரும்பி வந்தன. ஒன்று சன்னல், இன்னொன்று வேணாம்.

அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆடி மாதம், பள்ளத்தாக்குக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. “சன்னல் வேணாம்” என்றார் அக்கா. அத்தான் சன்னலைச் சாத்தினார். மறுபடியும் அதையே சொன்னார். இருட்டாக இருக்கிறது போல என்று நான் போய்த் திறந்தேன். மறுபடியும் அதே. நான் திறக்க, அத்தான் சாத்த, எங்கள் இருவருக்கும் நடுவில் அக்கா தலையை ஆட்டி ஆட்டி அழுதார். நோயாளிக்குக் காற்று வேண்டாமா என்று அத்தானிடம் நான் கத்தியதும் உண்டு. கட்டிலை இடம் மாற்றினோம். திரை போட்டோம். ஒருநாள் அத்தான் பலகை வைத்துச் சன்னலை ஆணியடித்தே விட்டார். அன்றைக்குத்தான் அக்கா அதிகமாக அழுதார்.

என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். நான் கொடுத்த அறையில் சன்னலே கிடையாது, மேலே ஒரு வென்டிலேட்டர் மட்டும். அங்கேயும் அதையேதான் சொன்னார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், மூளையில் இப்படி ஒரு சொல் மாட்டிக்கொள்வது உண்டு, எதைச் சொல்ல வந்தாலும் அதுவே வரும், பெரிதாக அர்த்தம் தேட வேண்டாம் என்று விளக்கினார். எங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அர்த்தம் இல்லை என்றால் நாங்கள் செய்யத் தவறியதும் ஒன்றும் இல்லை.

ஆனாலும் மனம் கேட்காமல், அவர் கம்பெனிப் பெட்டிகளில் நாலைந்தை எடுத்துவந்து மடியில் வைத்தேன். புதுநன்மைப் பெட்டியின் கதவை இடது கையால் திறந்து முக்காட்டைத் தடவினார். பிறகு கண்ணாடித்தாள் ஒட்டிய வேறொரு பெட்டியைத் தட்டி, “சன்னல்” என்றார். உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்து, “வேணாம்” என்றார். இரண்டு முறை செய்து காட்டினார். இனி இந்த வேலை தன்னால் முடியாது என்று சொல்வதாக நான் எடுத்துக்கொண்டேன். “நல்லாயிருவே அக்கா, திரும்ப வேலைக்குப் போவே பாரு” என்று கண்ணைத் துடைத்துவிட்டேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லை அதிகம் சொல்லவில்லை. குணமாகி வருகிறார் என்று அத்தானுக்குப் போன் செய்து சந்தோஷப்பட்டேன்.

தேனிக்குத் திரும்பிய பத்தாம் நாள் விடியற்காலையில் மூச்சு நின்றது. மகன் துபாயிலிருந்து வந்துசேர இரண்டு நாளாகும் என்றார்கள். ஐஸ் பெட்டிக்குச் சொல்லியவள் நான்தான். முன்பு பக்கத்துத் தெருவில் ஒரு சாவுக்கு வந்த பெட்டியின் கண்ணாடி மங்கலாக இருந்ததால், “கீறல் இல்லாத கண்ணாடியாப் பாத்து அனுப்புங்க” என்று சொல்லி வாங்கினேன். நல்ல கண்ணாடிதான் வந்தது. அக்காவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. வந்தவர்கள் எல்லாம் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதார்கள். சூசை அண்ணன் மட்டும் வாசலோடு நின்றுகொண்டார், கிட்டவே வரவில்லை. இத்தனை வருஷம் கூட வேலை பார்த்தவர் முகம் பார்க்க வரமாட்டேன் என்கிறாரே என்று எனக்குக் கோபமாக இருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சூசை அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ஆத்தா, இதச் சொல்லவா வேணாமான்னு ஒரு மாசமா தூக்கமில்ல. ரெண்டு வருசத்துக்கு முந்தி கம்பெனியில ஒரு பிள்ளை செத்துப்போச்சுல்ல, அந்தத் துட்டிக்குப் போய்ட்டு வந்து அக்கா எங்கிட்ட சொன்னாக. ‘அண்ணே, நான் போயிட்டா என்னையச் சன்னல் வச்ச பெட்டியில போட்றாம பாத்துக்க. எம் புள்ள வந்து தொடணும். கண்ணாடியத் தொட்டுட்டுப் போகக் கூடாது’ன்னாக. நான் சின்ன ஆளு. சாவு வீட்டுல வந்து எப்பிடிச் சொல்லுவேன்?”

அக்கா எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்போய் வாயை மூடிக்கொண்டேன். சொல்ல வந்திருக்கிறார். “நான் செத்தா” என்று அக்கா எப்போது ஆரம்பித்தாலும், சனியன் பேச்சைப் பேசாதே என்று வாயை அடைத்தவள் நான்தான். வீட்டில் கேட்க ஆளில்லாததால்தான் மிஷின் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லியிருக்கிறார்.

அக்கா படுக்கையில் சொன்னது இதைத்தானா என்பது எனக்குத் தெரியாது. மாட்டிக்கொண்ட வெறும் சொல்லாகவும் இருக்கலாம். இனி யாரிடம் போய்க் கேட்பது? அத்தானிடம் போய்ச் சொன்னேன். “தெரிஞ்சிருந்தா மட்டும் என்னத்தச் செஞ்சிருப்போம் ஆத்தா? புள்ள வர்ற வரைக்கும் வேற எங்கன வைக்கிறது?” என்றார். உடனே அடக்கம் செய்திருந்தால் மகன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டான். வைத்திருந்ததால் கண்ணாடி வழியாகப் பார்த்தான். கல்லறைக்கு எடுக்கும் முன் தொடவிட்டார்கள். தொட்டவன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான், அத்தனை குளிர். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் நாங்கள் சரியாகச் செய்திருக்கக்கூடிய வழி ஒன்று கண்ணில் படவில்லை.

நன்றி சொல்லவேண்டியவர்கள் நிறையப் பேர். படுக்கையில் இருந்த அக்காவைக் குளிப்பாட்டித் துணி மாற்றிய எதிர்வீட்டு அக்காமார், நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பங்குத்தந்தை, பொறுமையாகப் பயிற்சி கொடுத்த பெண், அடக்கத்தன்று கூடலூரிலிருந்து ஜீப்பில் ஆள் ஏற்றிவந்த அப்பாவின் பழைய கூட்டாளிகள், கம்பெனியை மூடிவிட்டு வந்த தோழர்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மனத்தில் வைத்துப் புழுங்காமல் என்னிடம் சொன்ன சூசை அண்ணனுக்கும் நன்றி. அன்று அவரைத் தப்பாக நினைத்ததற்கு இந்த மலர் வழியாக மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். அன்று வரமுடியாத உறவுகளுக்குக் காட்டுவதற்காக, அந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த அக்காவைப் பலர் போனில் படம் பிடித்தீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், நானும் எடுத்தேன். என்னுடையதை அழித்துவிட்டேன். உங்கள் போனில் இருந்தால், பந்திக்கு எழுந்திருக்கும் முன் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அக்காவை அந்தப் பெட்டியிலிருந்து எடுக்க இனி எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான், அதுவும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
தங்கை