பலகையில் ஒரு முழம்

'கணக்கு வராது' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். கணக்கு என்ன டவுன் பஸ்ஸா, வரும் வராது என்று நின்று பார்ப்பதற்கு? ஆனால் கீரமங்கலம் பஸ் நிறுத்தத்தில் பூ விற்கும் அந்த அம்மா, என் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே என்னிடம் அதைத்தான் சொன்னார்.

"இவளுக்குக் கணக்கு வராது டீச்சர். வாசிக்க மட்டும் நல்லாச் சொல்லிக் குடுத்து அனுப்பி விடுங்க."

விஷயம் இதுதான். முதல் நாள் சாயங்காலம் அம்மா டீ குடிக்கப் போன நேரத்தில் மகள் இரண்டு முழம் முல்லை விற்றிருக்கிறாள். தன் கையால் அளந்துதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கை எவ்வளவு இருக்கும்? வாங்கிய பெண் பாதி வழியில் திரும்பி வந்து, "இது முழமா, சாணா?" என்று நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார். அம்மா மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தார். இனிமேல் பூவைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அந்தக் குட்டு என் வகுப்பு வரைக்கும் வந்தது. வாய் ஓயாமல் பேசுகிறவள், கணக்கு என்றால் பலப்பத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் தள்ளிவிடுவாள். "எனக்கு வராது டீச்சர்" என்பாள், ஏதோ உடம்புக்கு முடியாததைச் சொல்வது போல. அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்குப் போகும்போது இந்த நினைப்பையும் பையில் வைத்துக் கொண்டுபோய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒருமுறை பைக்குள் போனால் அதை வெளியே எடுப்பது லேசில்லை.

வெறுங்கை முழம் போடுமா என்பார்கள். எங்கள் பள்ளியில் அளவுப் பாடத்துக்கு வெறுங்கைதான். வராந்தாவைச் சாணாலும் முழத்தாலும் அளக்கச் சொன்னேன். ஆளுக்கொரு விடை வந்தது. நான்தான் சரி, நீதான் தப்பு என்று பெரிய ரகளை. அவள் மட்டும் தூணில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள்.

அந்த ரகளைக்கான பதில் ஒரு கல்லில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு குன்றுக் கோயிலின் வெளிச்சுவரில், அந்தக் காலத்தில் நிலம் அளந்த கோலின் நீளத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். நீளமாக ஒரு கோடு, இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு வெட்டு, அவ்வளவுதான். தலைமை ஆசிரியரிடம் நச்சரித்து அனுமதி வாங்கி, ஒரு வேன் பிடித்து, புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம்.

பிள்ளைகளுக்குக் கோட்டைவிடக் குரங்குதான் பிடித்தது. தொண்டை வறளக் கத்திச் சொன்னேன். கோல் தேயும், ஒடியும், அளக்கிறவன் ஏமாற்றுவான், அப்போது இங்கே வந்து சரிபார்த்துக்கொள்ளலாம் என்று. எல்லாரும் கையை வைத்து அந்தக் கோட்டை முழம் போட்டுப் பார்த்தார்கள். கடைசியாகத்தான் அவள் வந்தாள். கல்லில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"இது யாரு கை டீச்சர்?"

"யாரு கையும் இல்ல. எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு வெட்டி வச்சுட்டாங்க."

"அப்ப குட்டைக் கைக்காரங்க அளந்தாலும் சண்டை வராதா?"

"எப்படி வரும்? அளக்கிறது கல்லுதானே?"

திரும்பும்போது வேனில் வாந்தி எடுத்தாள். என் வரலாற்றுப் பாடமும் புளிச்சோற்றோடு போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் இறங்கினால், பூக்கடையில் கூட்டம். நடுவில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பூக்கூடை வைக்கும் பலகையின் ஓரத்தில் ஆணியால் கீறிய இரண்டு கோடுகள். சரத்தின் நுனியை ஒரு கோட்டில் பிடித்து, அடுத்த கோடு வரை இழுத்து, நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு பக்கம் உர்ரென்று உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் அம்மா படுத்திருந்தாங்கள்ல டீச்சர், அப்ப கையை அளந்தேன். முழங்கையிலேருந்து நடுவிரல் நுனி மட்டும். நான் அளந்தாலும் இப்ப அம்மா முழந்தான்."

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. டீச்சர் என்ற மரியாதைக்காக அடக்கிக்கொண்டேன்.

"நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க போங்க" என்றார் அம்மா. "படுத்துக் கெடக்கையில கை முழுசா நீண்டுதான் கெடக்கும். யாவாரத்துல யாராச்சும் அம்புட்டு நீட்டுவாங்களா? விரலைக் கொஞ்சம் மடக்கித்தானே போடுவோம். இப்ப பாருங்க, நான் அளந்தா ஒருத்தரும் வாங்க மாட்டேங்குறாங்க. பாப்பா பலகையில அளந்து குடுன்னு அங்கிட்டுத்தான் போறாங்க."

"அழிச்சிர வேண்டியதுதானே?"

"ஆணியால கீறி வச்சிருக்கா. எங்கிட்டு அழிக்கிறது?"

அதற்குள் மகள் குறுக்கிட்டாள். "டீச்சர், அம்மா பத்து முழம் போட்டா, பலகையில ஒம்பதுதான் வருது. அப்ப இருவது போட்டா ரெண்டு கொறையும்."

பூ வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவின் முகம் சிவந்தது. அடுத்த குட்டு விழப்போகிறது என்று நான் தடுக்கக் கையை நீட்டிவிட்டேன். அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எனக்கு வழக்கமாகத் தரும் முல்லைச் சரத்தை எடுத்து, தன் கையில் போடாமல், பலகையில் முதல் கோட்டில் வைத்து இரண்டாம் கோடு வரை இழுத்தார்.

"கணக்கு வராதுன்னு நெனச்சு நிம்மதியா இருந்தேன்" என்றார், சரத்தை நறுக்கிக்கொண்டே. "வந்து தொலைச்சிருச்சே டீச்சர்."