உலர்த்தும் அறையில் ஒரு சட்டை

அரசு மருத்துவமனைப் பிணவறையில் இருபத்தாறு ஆண்டுகளாக உதவியாளராக இருப்பவருக்குக் 'கிளிப்பு' என்று பெயர் வைத்தவர்கள் அங்குள்ள துப்புரவுப் பெண்கள். துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்புகள் நான்கைந்து எப்போதும் அவர் சட்டைப் பையில் கிடக்கும். குண்டடியிலும் வெட்டிலும் இறந்தவர்களின் உடைகளை உலர்த்திப் பாதுகாப்பது அவருடைய பொறுப்பு. அவற்றை அவர் வெயிலில் போடமாட்டார், உதறமாட்டார், துளை விழுந்த இடத்தில் மடிக்கமாட்டார். ஈரத்தோடு பாலித்தீன் பையில் அடைத்தால் பூஞ்சை பிடித்துவிடும், காகித உறைதான் சரி என்பதைப் புதிதாக வரும் மருத்துவர்களே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

"சலவைக் கடை வெச்சிருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பீங்க" என்று அந்தப் பெண்கள் சீண்டுவார்கள்.

"நம்மகிட்ட வர்றவங்க திரும்பி வந்து சட்டையைக் கேக்க மாட்டாங்க. அந்த நிம்மதி எந்தக் கடையில கிடைக்கும்?" என்பார் அவர்.

அந்த வியாழக்கிழமை வந்த வெளிர்நீலச் சட்டையை மட்டும் கேட்டு ஆள் வந்தது.

அதை அணிந்திருந்தவர் தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பவர். விசாரணைக்கு அழைத்துச் சென்றபோது தப்பி ஓடினார், திரும்பிக் கத்தியை ஓங்கினார், இருபதடி தொலைவிலிருந்து உதவி ஆய்வாளர் சுட்டார் என்பது காவல் நிலையத்தின் அறிக்கை. மார்பில் ஒரே துளை. சுற்றிலும் தோல் சுத்தமாக இருந்தது. மருத்துவர் அப்படியே எழுதினார். உடைகளைப் பற்றி, 'உலர்ந்தபின் ஆய்வு' என்று மட்டும் குறித்தார்.

மறுநாள் நண்பகலில் சட்டை காய்ந்தபோது, ஈரத்தில் தெரியாத ஒரு கரிய வளையம் துளையைச் சுற்றித் தெரிந்தது. அது துப்பாக்கிப் புகையின் கரி. இருபதடி தாண்டி வரும் குண்டு அந்தக் கரியைக் கொண்டு வராது. ஓரடிக்குள் நீட்டிச் சுட்டால்தான் அது துணியில் படியும்; துணி வாங்கிக்கொண்டால் தோலில் எதுவும் தெரியாது. கிளிப்பு அறையைப் பூட்டினார். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. காவலர் சுட்டு ஒருவர் இறந்தால் உடைகளை விசாரணை நீதிபதியின் கையில்தான் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நீதிபதி திங்களன்று வருவதாக இருந்தது.

சனிக்கிழமை முழுவதும் அவர் வீட்டுக்கு எதிரே ஒரு ஜீப் நின்றது. யாரும் இறங்கவில்லை.

ஞாயிறு பிற்பகலில் மைத்துனர் வந்தார். மனைவியின் தம்பியான அவர் அதே நிலையத்தில் கான்ஸ்டபிள். தேநீரைத் தொடாமலேயே பேச்சை எடுத்தார்.

"மாமா, அந்தச் சட்டையை அவங்க வீட்டுல கேக்கறாங்களாம். ரத்தமும் நாத்தமுமா எப்படிக் குடுக்கறது? சோப்புத் தண்ணியில ஒரு அலசு அலசிட்டீங்கன்னா..."

"அவங்களுக்கு வேணும்னா என்கிட்ட வரட்டும். நீ எப்ப மாப்ளே தூது போற வேலைக்குச் சேர்ந்தே?"

"முழுசா வெளுக்க வேணாம் மாமா. அந்தக் கரி மட்டும் போனாப் போதும்."

கிளிப்பு டம்ளரைக் கீழே வைத்தார்.

"கரி இருக்குன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே."

மைத்துனர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். வெளியே ஜீப்பின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"நீயா சுட்டே?"

"ஐயோ, இல்ல மாமா. பக்கத்துல நின்னேன். அந்த ஆளு கையில விலங்கு போட்டிருந்தது. இருபதடின்னு எழுதி நீட்டினாங்க, கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நாளைக்கு நீதிபதி வர்றதுக்குள்ள நீயே போய் உள்ளதைச் சொல்லிடு."

"சொன்னா என்னை விட்டு வைப்பாங்களா? உங்களையும்தான் மாமா."

சமையலறை வாசலில் நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "என்னங்க, ஒரு சட்டைக்காகவா என் தம்பி ஜெயிலுக்குப் போகணும்?"

"அந்த ஆளுக்குன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றார் கிளிப்பு.

திங்கள் காலையில் உலர்த்தும் அறையின் பூட்டில் அரத்தால் அறுக்கப் பார்த்த புதிய தடங்கள் இருந்தன; பூட்டு தாங்கியிருந்தது. நீதிபதி ஒரு பெண். கரிய வளையத்தை அளக்கச் செய்தார்; படம் எடுக்கச் செய்தார்; உறைக்கு முத்திரை வைத்தார். பிறகு விதிப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"இதைக் கேட்டோ, மாத்தச் சொல்லியோ யாராவது உங்ககிட்ட வந்தாங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சட்டை எப்படியும் நீதிமன்றம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால், விலங்கு போட்டிருந்ததைப் பார்த்த மைத்துனர் பொய்ச் சாட்சியாகவே அந்த நிலையத்தில் இருந்துவிடுவார்.

"வந்தாங்கம்மா. என் சம்சாரத்தோட தம்பி. அந்த ஸ்டேஷன் கான்ஸ்டபிள்தான். சுட்டதை நேர்ல பார்த்தவன். அவனை உங்க பாதுகாப்புல வெச்சு விசாரிங்க. அங்க திருப்பி அனுப்பிடாதீங்க."

எழுத்தர் பெயரையும் பணி எண்ணையும் குறித்துக்கொண்டார். கிளிப்பு கையெழுத்திட்டார். கான்ஸ்டபிளை உடனே அனுப்பி வைக்குமாறு நீதிபதி அங்கிருந்தே நிலையத்துக்குத் தொலைபேசியில் உத்தரவிட்டார். மறுமுனையின் பதிலை நீண்ட நேரம் கேட்டார்.

"அவரைக் காலையில அஞ்சு மணிக்கே வெளிவேலைக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம். எங்கேன்னு தெரியாதாம்."

எழுத்தர் அதையும் பதிவு செய்தார். கூட்டிச் சென்றவர் என்ற இடத்தில், நீதிபதி சொல்லச் சொல்ல, சுட்ட உதவி ஆய்வாளரின் பெயரையே எழுதினார். திரும்பும் நேரம் என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை.