லிஃப்ட்காரரின் டொக்குப்பெட்டி

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவர் இன்னும் கொஞ்சம் தடிமனாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. கட்டினவன் செங்கல்லில் மிச்சம் பிடித்துவிட்டான். அடுப்பருகே நிற்கிறவளுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கும்.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் அவள் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், கை கால் வராமல் போனவர்களை எழுப்பி நடக்கவைக்கிறவள். நாளெல்லாம் 'மடக்குங்க, நீட்டுங்க' என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு வருகிற மனுஷி, வீட்டிலாவது கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருக்க ஆசைப்படுவாளா மாட்டாளா? அந்த ஆசையில் மண்ணைப் போட்டது ஒரு பெட்டி.

சிந்தசைசர் என்று பெயர். கூடவே சீக்வென்சரும் உண்டு என்பார், ஏதோ இரண்டு பட்டம் வாங்கின மாப்பிள்ளையைச் சொல்கிற பெருமையோடு. தடித்த புத்தகம் அளவுதான் இருக்கும். மேலே குமிழ்கள், நடுவில் குட்டிக் கட்டைகள், கீழே வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். எந்தப் பொத்தானை அமுக்கி வைக்கிறோமோ அந்த இடத்தில் ஒரு சத்தம் வரும். அமுக்காத இடத்தில் வராது. ஒரு சிவப்பு விளக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும், நிறுத்துகிறவரை ஓடும். அவ்வளவுதான் சமாசாரம். அவள் அதற்கு டொக்குப்பெட்டி என்று பேர் வைத்திருந்தாள்.

வாங்கி வந்த அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம், பாட்டரியில் ஓடும், ஆர்மோனியமும் வேண்டாம், தபலாவும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்று அளந்தார். கடைசியில் சொன்னதுதான் உண்மை. அந்தப் பெட்டி வந்த பிறகு அவருக்கு ஆள் யாரும் வேண்டாமல்தான் போயிற்று.

குறை என்று சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. அதற்குள்ளேயே இருக்கிற ஸ்பீக்கர், தகர டப்பாவில் கொசுவை அடைத்த மாதிரி. கட்டைகளோ குழந்தை விரலுக்குச் செய்தவை. லிஃப்ட் கம்பிவடத்தை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன அவர் விரல் ஒன்றை அமுக்கினால் மூன்று அமுங்கும். "மூணு சுரம் சேர்ந்து வந்தா அதுக்குப் பேருதான் கார்டு" என்று அதையும் சமாளித்துவிடுவார். பாட்டரி மூடி முதல் மாதமே உடைந்து, இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதையெல்லாம்விடப் பெரிய அக்கிரமம் அந்தக் குமிழ்கள். குமிழ் நிற்கிற இடம் ஒன்று, பெட்டி மனசில் வைத்திருக்கிற கணக்கு வேறு. குமிழைத் தொட்டால் போதும், பெட்டி தன் கணக்கை விட்டுவிட்டுக் குமிழ் காட்டுகிற இடத்துக்கு ஒரே தாவாகத் தாவும். நிதானமாகப் போய்க்கொண்டிருந்த தாளம் பேய் பிடித்தாற்போல் ஓடும். பக்கத்தில் இருக்கிறவன் தூக்கிவாரிப்போட்டு எழுந்துகொள்வான்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க, அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்த கட்டடத்துக்கு அவள் போனாள். மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறை. ஏதோ உதிரிபாகம் வரும்வரை காத்திருக்கிறார் போலிருக்கிறது. காதில் ஹெட்போன், மடியில் பெட்டி, பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை, என்ன செய்தார் என்பது பிற்பாடு தெரிந்ததுதான். முதலில் தாளத்தை ஓடவிட்டார், அது சுற்றி வரும்போது அதன்மேல் ஒரு தடித்த சுரம், அடுத்த சுற்றில் அதற்கும் மேல் ஒரு சின்ன மெட்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. யாரையும் குறை சொல்லாமல், எதற்கும் முறைக்காமல் அந்த மனுஷரை அவள் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டுக்குக் கொண்டு வர வேண்டிய முகத்தை இங்கே மோட்டாருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. கண்ணாடியை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

பாட்டு ஏதாவது முடித்தாரா என்றால், அதுதான் இல்லை. பெட்டியில் பதினாறு பாட்டுக்குத்தான் இடம். பதினாறிலும் பதினாறு ஆரம்பம். ஒன்றுக்கும் முடிவு கிடையாது, சுற்றிச் சுற்றி வரும். கீழ் வீட்டில் இருந்த அவர் அக்கா மட்டும் மெச்சிக்கொள்வாள். தம்பி வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பாள், சற்று நேரத்தில் வாயும் திறந்துகொள்ளும், குறட்டை வரும். அதையும் அவர் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரியில் அவள் தலைக்கே வினை வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் வயதானவர்களுக்கென்று அவள் ஒரு வகுப்பு நடத்திவந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை கால் வீசுகிற பயிற்சி. அவளே கேட்டு வாங்கி ஆரம்பித்தது. நாளாக ஆக ஆள் குறைந்துகொண்டே வந்தது. வந்தவர்களும் கடமைக்குக் காலைத் தூக்கினார்கள். அந்த அறையைச் சக்கர நாற்காலி அடுக்கக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. வகுப்பு போனால் அவள் வேலையும் பாதி போன மாதிரி. அது மட்டுமா? அந்த வகுப்புக்கு வருகிற நாள் மட்டுமே வீட்டை விட்டு இறங்குகிற ஜீவன்கள் அதில் இருந்தன. பெரிய டாக்டர் தானே வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார். 

வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். லிஃப்ட்காரர் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இதற்கென்றே ஒன்று புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கிறாராம், வயசானவங்க நடைக்கு ஏற்ற தாளமாம். அந்த வாரம் முழுக்கச் சுவர் வழியே வந்து அவள் பிராணனை வாங்கியது அதுதான்.

"தயவு பண்ணி அங்க வந்துடாதீங்க. எனக்கு இருக்கிறது ஒரு வேலை" என்றாள்.

அக்கா கீழ் வீட்டிலிருந்து தம்பிக்குப் பரிந்துகொண்டு வந்தாள். அவளுக்கும் சேர்த்துத் திட்டு கிடைத்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் வந்து சுவரோரம் கை கட்டிக்கொண்டு நின்றார். எதிரே ஓய்வு பெற்ற தபால்காரர், வலது காலைத் தூக்க மாட்டேன் என்று மாதக்கணக்காக அடம் பிடிக்கிற வாத்தியாரம்மா, இன்னும் சிலர். அவள் ஆஸ்பத்திரி ஸ்பீக்கரைப் போட்டாள். ஒரு வீணை இழுவை கொஞ்ச தூரம் வந்தது, கரகரத்தது, நின்றது. தட்டினாள், ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். ம்ஹூம். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பார்த்தால், தோளில் கருவிப் பையோடு லிஃப்ட்காரர். ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்க வந்தாராம். அன்றைக்குத்தானா அது கெட வேண்டும்? அவளுக்குத் தெரியாதா என்ன! ஆனால் முறைக்கவும் நேரமில்லை. மனுஷர் பையிலிருந்து பெட்டியை எடுத்து, பெயர் கூப்பிட வைத்திருக்கிற ஒலிபெருக்கியில் சொருகிவிட்டார்.

தூம்... தூம்... தும்... தக்க, தூம். நிதானமாகத்தான் ஆரம்பித்தது. கால்கள் எழுந்தன, இறங்கின. பரவாயில்லை என்று அவள் மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் அவருக்கு வித்தை காட்டுகிற ஆசை வந்துவிட்டது. குமிழைத் தொட்டார்.

பெட்டி தாவியது. தாளம் தறிகெட்டு ஓட ஆரம்பித்தது. தபால்காரர் 'ஹோ' என்று கத்திக்கொண்டு காலை மாற்றி மாற்றி வீசினார். அவரிடம் தோற்கப் பிடிக்காத வாத்தியாரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலை வீசினாள், அது போதாமல் வலது காலையும் தூக்கினாள். தூக்கியதை அவளே கவனிக்கவில்லை. எல்லோருக்கும் சிரிப்பில் மூச்சு வாங்கியது. மனைவி போட்ட கூச்சலில் ஒருவழியாக அவர் தாளத்தைக் கீழே இறக்கினார். வயதானவர்கள் விடவில்லை, "இன்னொரு தடவை" என்றார்கள்.

டாக்டர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த செவ்வாய்க்கிழமை கமிட்டிக்காரங்களக் கூட்டிட்டு வரேன்மா. அவங்களும் இதைப் பாக்கட்டும், அப்புறம் யாரும் அறையைக் கேக்க மாட்டாங்க. இதே பாட்டு இருக்கணும், ஓட்டம் மட்டும் கொஞ்சம் அளவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லிஃப்ட்காரரைப் பிடிக்க முடியுமா அதற்கப்புறம்? வார்டு வார்டாகப் போய் நர்ஸுகளுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். காவல்காரருக்குப் போட்டுக் காட்டினார். லிஃப்டுக்குள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கும் போட்டுக் காட்டினார்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது கூடத்தில் சத்தமே இல்லை. மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். பாட்டரி தீர்ந்துபோய்ப் பெட்டி அணைந்துவிட்டது. அணைந்தால் சேவ் பண்ணாதது போய்விடும். அந்தப் பாட்டு சேவ் பண்ணாதது.

ஏன் பண்ணவில்லை என்று கேட்டாள். பண்ண வேண்டுமானால் பழைய பதினாறில் ஒன்றை அழிக்க வேண்டும். எதை அழிப்பது என்று அவருக்கு மனசு வரவில்லை. அதனால் வாரம் முழுக்கப் பெட்டியை அணைக்காமலே வைத்திருந்தாராம். ராத்திரி சுவர் கரண்டு, பகலில் பாட்டரி. பைக்குள்ளே ஸ்பானரோடு ஸ்பானராக விளக்கு எரிந்துகொண்டே கிடந்திருக்கிறது. லிஃப்டுக்கு ஆயிரம் பாதுகாப்பு வைக்கிற மனுஷர், ஒரு பொத்தானை அமுக்க மனசில்லாமல் அவள் வகுப்பையே ஒரு பாட்டரியில் தொங்கவிட்டிருக்கிறார்.

அவள் விட்டாள் பாருங்கள் டோஸ். இவ்வளவு நாள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பொறுத்ததையெல்லாம் சேர்த்துவைத்துக் கொட்டினாள். வாத்தியாரம்மா காலைத் தூக்கிவிட்டாள், இனி அவளிடம் போய் என்ன சொல்வது என்று கேட்டாள்.  அவர் புதுப் பாட்டரி போட்டுத் தட்டிப் பார்த்தார். வரவில்லை. வேறு மாதிரி தட்டினார். அதுவும் இல்லை. போட்டவருக்கே மறந்துபோயிருந்தது.

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். சுவர் வழியே அவர் தப்புத் தப்பாகத் தட்டுவது கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அது இல்லைங்க. முதல்ல ரெண்டு தூம். மூணாவது சின்னது. நாலாவது இடத்துல ஒண்ணும் வராது, அங்க ஓட்டை விடுவீங்க. அப்புறம்தான் தக்க வரும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க, பெட்டியைப் பாருங்க" என்றாள்.

அவர் அமுக்கினார். அவள் கரண்டியால் மேசையில் தட்டிக்கொண்டே மேல் மெட்டை முனகினாள். எந்தச் சுரம் எங்கே இழையும், எங்கே மூன்று கட்டை சேர்ந்து அமுங்கித் தப்பாக ஒலிக்கும், அந்தத் தப்பு எந்த இடத்தில் அழகாக இருக்கும் என்பது வரைக்கும் சொன்னாள். சிவப்பு விளக்கு ஓடியது. விட்டுப்போனதை அவள் சொன்னாள், அவர் போட்டார். இரண்டு மூன்று சுற்றில் முழுசாக வந்துவிட்டது.

"உனக்குத்தான் இது ஆகவே ஆகாதே" என்றார் அவர், மெல்ல.

"இப்பவும் ஆகாது. முதல்ல சேவ் பண்ணுங்க."

அவர் விரல் பொத்தான்களுக்கு மேலே வந்து அப்படியே நின்றுவிட்டது. பதினாறும் நிரம்பியிருக்கிறதே.

"ஏழாவதைத் தூக்குங்க. உங்க அக்கா மாதிரி சொன்னதையே சொல்லிட்டிருக்கும். பதினொண்ணை மட்டும் தொட்டுடாதீங்க."

பதினொன்று என்ன என்று அவருக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. அவள் கண்ணாடி கொடுக்க வந்த அன்றைக்கு மொட்டை மாடி மோட்டார் அறையில் போட்டது. வெளியே கேட்காது என்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு போட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் எதைச் சேர்த்தார் என்பது, பிறகு வீட்டில் வைத்து வாசித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்குத் தெரிந்திருந்தது.

ஏழு போயிற்று. விளக்கு இரண்டு தடவை சிமிட்டியது. அவளுக்கு அதுவும் போதவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். அவர் அணைத்தார், போட்டார். வந்தது, நாலாவது இடத்தில் ஓட்டையோடு.