ப்ரூஃப் பார்த்து வெளியிட்ட வெப்சைட்

போன மாதம் விருதுநகர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் என்னையே உற்றுப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. வாசகி! சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அடக்கமாக ஒரு சிரிப்புச் சிரித்தேன்.

"நீங்க அந்தப் புரோட்டா அக்காதான?" என்றார்.

புரோட்டா அக்கா!

விஷயம் இதுதான். சோஷியல் மீடியாவில் எனக்கு ஒரு பக்கம் இருந்தது. மல்லாங்கிணறு பக்கம் மழையை நம்பி விதைக்கிறவர்களைப் பற்றி, பட்டாசு கம்பெனி வேனில் வேலைக்குப் போகும் பெண்கள் வழியெல்லாம் பேசிச் சிரிப்பதைப் பற்றி என்று மெனக்கெட்டு எழுதுவேன். சீந்த ஆள் இருக்காது. ஒருநாள் போனால் போகிறதென்று நம்மூர் எண்ணெய் புரோட்டாவை போட்டோ எடுத்துப் போட்டேன். அவ்வளவுதான்... லைக் வந்து குவிந்தது.

நான் என்ன செய்தேன்? மறுநாளும் புரோட்டா. அதற்கடுத்து சால்னா. ஒருநாள் ஆறிப்போன புரோட்டாவை நான் கோணம் பார்த்துத் திருப்பித் திருப்பி வைக்க, என் வீட்டுக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "இந்தா... இது திங்கிறதுக்கா, படம் பிடிக்கிறதுக்கா? ஒண்ணு சொல்லு!"

மார்க்கெட்டில் அந்தப் பெண் கேட்டபோதுதான் உறைத்தது. நான் எதையும் எழுதவில்லை... லைக்தான் என்னை எழுதிக்கொண்டிருந்தது. கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் முடிவு செய்துவிட்டேன். இனி எனக்கென்று சொந்தமாக ஒரு வெப்சைட். அங்கே லைக் பட்டனே கிடையாது!

முதல் வேலை, பெயர் வாங்குவது. என் பெயரிலேயே முகவரி இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது! உலகத்தில் வேறு யாரும் அதற்கு ஆசைப்படவில்லை போல... எனக்கென்ன, துள்ளிக் குதித்தேன். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நானே கட்டினேன். தலைப்புக்கு மிளகாய் வற்றல் நிறம். அதை வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் ரசித்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் இப்படி ஒரு உற்சாகமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

சரி, வெளியிட்டுவிடலாம் என்று கையை ஓங்கும்போதுதான் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். அவர் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிறவர். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அங்கே மெஷின் ஓடாது.

"ப்ரூஃப் பாக்காமலா வெளியிடப் போற?"

"இதென்ன காலண்டரா? தப்பு இருந்தா அப்புறம் திருத்திக்கலாம்ங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாக. அச்சடிச்சு அனுப்புன லோடு திரும்பி வரும்போதுல்ல தெரியும்!"

மொத்த வெப்சைட்டையும் தாளில் பிரிண்ட் எடுத்து, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தார். சிவப்பு மையில் சுழித்தார். கடைசியில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுத் தந்தார். கூடவே ஒரு கண்டிஷன்.

"அடியில போன் நம்பர் எங்க? போன் நம்பர் இல்லாம ஒரு காலண்டர் உண்டா?"

போட்டேன். வாசகர்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் நம்பர்தான்.

நாளையும் அவரே குறித்தார். ஆடிப்பெருக்கு! சிவகாசியில் ஆர்டர் பிடிப்பதற்காக அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பங்களை அன்றைக்குத்தான் வெளியிடுவார்கள். அந்த ராசி என் வெப்சைட்டுக்கும் வேண்டுமாம். லேப்டாப்புக்குக் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, நல்ல நேரம் பிறக்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறந்ததும் அமுக்கினேன். பழைய பக்கத்தில் புது முகவரியைச் சொல்லி, எல்லோருக்கும் கும்பிடு போட்டு, மறுநாள் கணக்கை மூடினேன்.

அப்புறம்?

அப்புறம் ஒன்றுமில்லை. டிங் இல்லை, டொங் இல்லை. போன் செத்த மாதிரி கிடந்தது. சார்ஜ் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. புரோட்டா இல்லாவிட்டால் நான் யாருக்குமே வேண்டாமா? நான் எழுதியதை ஒருவராவது படித்தார்களா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"ஆல்பம் வந்த அன்னைக்கே ஆர்டர் வந்துருமா? பொறு" என்றார் அவர். பொறுத்தேன். ஒரு வாரம் ஓடிற்று. கணக்கைத் திரும்பத் திறந்துவிடலாமா என்று கை அரித்தது.

நேற்று மதியம் போன் அடித்தது. சாத்தூரில் வளையல் மொத்தக்கடை வைத்திருக்கும் ஜமீலா என்று சொன்னார். முன்பின் பழக்கமில்லாதவர்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீக. இருக்கன்குடிக் கோயில் திருவிழா பத்தி எழுதியிருக்கீகள்ல... கடைசிப் பாராவுல ஆடி கடைசிச் செவ்வாய்னு போட்டிருக்கு. கடைசி வெள்ளிதானக்கா? எங்க வளையல் லோடு வருசா வருசம் அதுக்குத்தான போகுது! உங்களை நம்பி யாராச்சும் செவ்வாக்கெழமையே கிளம்பிட்டா?"

கடைசிப் பாரா! இந்த அம்மா கடைசிப் பாராவரை படித்திருக்கிறார்!

"அக்கா, இருக்கீகளா? தப்பாச் சொல்லிட்டனோ?"

"நீங்க நல்லா இருக்கணும்மா!" என்று கத்தினேன். அவர் பயந்திருப்பார். அதற்கப்புறம் மற்ற கட்டுரைகளைப் பற்றியும் வெகுநேரம் பேசினார். எல்லாவற்றையும் படித்திருந்தார். ஆயிரம் லைக் கிடைத்தபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஏங்க, தப்பு கண்டுபிடிச்சிட்டாங்க!"

மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் கையெழுத்துப் போட்ட பக்கத்துலயா?"

அவர் கண்ணெதிரிலேயே செவ்வாயை வெள்ளியாக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தன் போனில் திறந்து பார்த்தார். மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். "வெளியாயிப் போச்சே... எப்பிடி மாறிச்சு?" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குழம்பினார். "அது சரி, தப்பு வந்ததுக்கா உனக்கு இம்புட்டுச் சந்தோசம்?"

பின்னே? தப்பைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் படித்தாக வேண்டுமே. லைக் போட அது தேவையில்லை.

இன்றைக்குப் புதிதாக ஒரு கட்டுரை ஏற்றியிருக்கிறேன். அதில் வேண்டுமென்றே ஒரு தப்பு விட்டு வைத்திருக்கிறேன்... எங்கள் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!