எல்லா மெயிலுக்கும் பதில் எழுதியவர்

அப்பா ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் விடக்கூடாது என்பது அங்கே அவருக்குப் படிந்துபோன ஒழுங்கு. அம்மா இறந்த பிறகு தம்பி அவருக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தான். பென்ஷன் விஷயமாக வருவதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு மெயில் முகவரியும் போட்டுக் கொடுத்தான். அந்த முகவரி எப்படியோ கண்டவர் கைக்கெல்லாம் போய்விட்டது.

முழங்கால் வலித் தைலம், வீட்டுக்கடன், வழுக்கைக்கு மருந்து, லண்டனில் விழுந்த லாட்டரி என்று நாள் முழுக்க வந்து குவியும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படிப்பார். பிறகு பதில் எழுதுவார். தைலக் கம்பெனிக்கு, "தங்கள் மெயில் கிடைத்தது. எனக்கு முழங்கால் வலி இல்லை, இடுப்பில்தான் வலி. தெரிவித்தமைக்கு நன்றி" என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன்.

நான் ராஜபாளையத்தில் வாக்கப்பட்டவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, அப்பாவின் போனை வாங்கிக் குப்பையை அழிப்பேன். இனி அனுப்ப வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தினால் மறுவாரம் புதிது புதிதாக இன்னும் அதிகம் வரும். ஸ்பேம் பெட்டிக்குத் தள்ளிவிட்டால், அப்பா அங்கேயும் போய்த் தேடி எடுத்துவிடுவார்.

"இதெல்லாம் மெஷின் அனுப்புதுப்பா. உங்களைத் தெரிஞ்சு யாரும் எழுதலை."

"பேரைப் போட்டு எழுதியிருக்கான் தாயி. பதில் சொல்லலைன்னா என்ன நினைப்பான்?"

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. அப்பா இருப்பது அவனோடுதான்; அவன் தினமும் ராஜபாளையத்துக்குப் போய் ஒரு மில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். அப்பா ஏதோ ஒரு கடன் கம்பெனியின் படிவத்தை நிரப்பி, தெரிந்தவர் என்ற இடத்தில் தம்பியின் போன் நம்பரையும் ஆபீஸ் நம்பரையும் எழுதிவிட்டார். வாங்காத கடனுக்காக அவர்கள் அவன் ஆபீஸுக்கே போன் போட்டார்கள். மேனேஜர் எல்லோர் முன்னாலும் தம்பியை நிறுத்தி வைத்து விசாரித்திருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தவன் அப்பாவைத் திட்டவில்லை. பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான் என்று அவன் மனைவி எனக்குச் சொன்னாள். நானும் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அப்பாவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. தினமும் சவரம் செய்தார். அலமாரியில் கிடந்த நல்ல சட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குப்பையை அழிக்க உட்கார்ந்தபோது என் கையைப் பிடித்தார்.

"அந்தக் கொடைக்கானல் டீச்சரம்மா மெயிலை மட்டும் தொடாதட்டி. அது குப்பை இல்லை."

ஓய்வு பெற்ற ஆசிரியையாம். கணவர் இல்லையாம். பழைய சக ஊழியர் ஒருவருக்கு எழுதியது முகவரி மாறி அப்பாவுக்கு வந்துவிட்டதாம். அப்பா வழக்கம்போலப் பதில் போட, கடிதப் போக்குவரத்து ஆரம்பித்திருக்கிறது. இப்படித்தான் பேசிப் பழகிப் பிறகு பணம் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மொட்டைமாடிக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"பயப்படாதக்கா. அந்த டீச்சரம்மா நான்தான்."

"ஏம்லே இப்படிச் செஞ்ச?" என்றேன்.

"எம்புட்டு சொல்லியும் கேக்கலை. ஒருதரம் நல்லா ஏமாந்தாத்தான் புத்தி வரும். நிஜக் கள்ளன்கிட்ட ஏமாறுததுக்கு என்கிட்ட ஏமாறட்டுமே."

"ஏலே, அவருக்கு எழுபது வயசு தாண்டிருச்சு. இன்னைக்கே நிப்பாட்டு. மகனோட வெளிநாடு போறேன், இனி எழுத முடியாதுன்னு மரியாதையா எழுதி முடிச்சிரு."

"சரிக்கா. முடிச்சிருதேன்."

வாக்குக் கொடுத்தான். நான் நம்பினேன்.

ஆடிப்பூரத் தேருக்கு வழக்கம்போல உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காலையில் தேர் பார்த்துவிட்டு வந்து, மத்தியானம் இலை போட்டுச் சாப்பிட்டு, எல்லோரும் கூடத்தில் சாய்ந்து கிடந்தார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சித்தப்பாவுடன் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தம்பி தன் போனை எடுத்துக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்தான்.

"எல்லாரும் கேளுங்க. நம்ம வீட்டுல ஒரு காதல் கடிதம் ஓடிக்கிட்டிருக்கு."

வாசிக்க ஆரம்பித்தான். முதல் வரியிலேயே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. பேச்சை நிறுத்தினார். அவருடைய வார்த்தைகள்தான்.

"இன்று வெண்டைக்காய்க் குழம்பு. உப்பு கூடிவிட்டது. சொன்னால் மருமகள் வருத்தப்படுவாள் என்று மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டேன்."

சித்தப்பா மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி மனைவி அடுப்படி வாசலில் அப்படியே நின்றாள்.

"பிளவக்கல் அணையில் தண்ணீர் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். எனக்கு இப்போது நடை சிரமமில்லை."

இதற்கு எல்லோருமே சிரித்தார்கள். "மாமா, எந்தச் சட்டையைப் போட்டுட்டுப் போவீய?" என்று ஒருவர் கேட்டார். நான் எழுந்து போய்ப் போனைப் பிடுங்கப் பார்த்தேன். தம்பி கையை உயரத் தூக்கிக்கொண்டு மேலே வாசித்தான்.

"சாப்பிட்டீர்களா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் அதை யாரும் கேட்பதில்லை. தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்."

சிரிப்பு குறைந்தது. அங்கே நிறுத்தியிருந்தால்கூட ஏதோ விளையாட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். தம்பியின் முகம் மாறிவிட்டது. இந்த வரியை அவன் முன்பே படித்திருக்கிறான், மனதில் வைத்திருந்திருக்கிறான் என்று அப்போது தெரிந்தது.

"பாத்தீங்களா? மூணு வேளையும் உக்காந்த இடத்துக்குச் சோறு வருது. முகம் தெரியாத ஒருத்திகிட்ட நம்மளப் பத்தி என்ன எழுதுதாரு பாருங்க."

கூடத்தில் யாரும் அவனை ஏன் என்று கேட்கவில்லை. ஒன்றிரண்டு பேர் அப்பாவைத்தான் பார்த்தார்கள், அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப அந்த அம்மா இல்லையா?"

"எந்த அம்மா? நான்தான் அந்த அம்மா."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை. சித்தப்பா, "விடுலே, போதும்" என்றார். பிறகு யாரோ காப்பி கேட்டார்கள். நான் கதவைத் தட்டினேன். "தூங்கிட்டிருக்கேன் தாயி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அதிலிருந்து அப்பா மெயில் பார்ப்பதில்லை. போன் சார்ஜ் இல்லாமல் அலமாரி மேல் கிடந்தது. பென்ஷன் அலுவலகத்திலிருந்து வந்த தகவலையும் பார்க்காமல் விட்டு, பிறகு நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். தம்பியிடம் தேவைக்கு மட்டும் இரண்டு வார்த்தை பேசுவார். தம்பி மன்னிப்புக் கேட்கவில்லை. "பாத்தியாக்கா, இப்ப எதையாவது தொடுதாரா? அம்புட்டுத்தான் வைத்தியம்" என்று என்னிடம் சொன்னான். அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அப்பாவோடு ஒரே யூனிட்டில் இருந்தவர். இப்போது மகளோடு ஓசூரில் இருக்கிறார். பேத்தி கல்யாணத்துக்கு அப்பாவுக்கு மெயிலில் பத்திரிகை அனுப்பி, திரும்பத் திரும்ப எழுதியும் பதில் வரவில்லை. வயல் விஷயமாக ஊருக்கு வந்தவர் நேரில் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். வருத்தத்தை மறைத்துக்கொண்டுதான் கேட்டார்.

"ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? எல்லாத்துக்கும் பதில் போடுற ஆளாச்சே நீ."

அப்பா அவரை நேராகப் பார்த்தார்.

"அது நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வந்தவர் சிரிக்கப் பார்த்தார். அப்பா சிரிக்கவில்லை. தம்பி உள்ளறையில் டிவி சத்தத்தைக் கூட்டினான். நான் கொண்டுவந்து வைத்த காப்பியை அவர் பாதி குடித்தார். பிறகு, வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துகொண்டார். அப்பா எழுந்திருக்கவில்லை.

நான் பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். வழியில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்பாவுக்கு ஞாபகம் எதுவும் தப்பிப்போச்சா, தாயி?"

"இல்ல மாமா. நல்லாத்தான் இருக்காவ."

நடந்ததை நான் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் என் பக்கம் திரும்பவில்லை. அதன் பிறகு அவரும் எழுதுவதில்லை.