ஷாகிதாவின் பழுப்பு வளையல்

பூந்தமல்லியில் ஷாகிதாவைத் தெரியாத எலக்ட்ரிக் கடைக்காரர் இல்லை. கணவன் முஸ்தகீமோடு சேர்ந்து இன்டர்காம் வயரிங் எடுத்துச் செய்கிறவள். மாடிகளில் அவன், கீழே அவள். கேபிளைப் பிரித்து, நிறம் பார்த்து, ஜோடி ஜோடியாக, கம்பிகளை இணைக்கும் குரோன் கட்டையின் பிளவில் வைத்து டூலால் அழுத்தினால் 'டக்'கென்று கம்பி கவ்விக்கொள்ளும். மிச்சம் அறுந்து விழும். மேலேயிருந்து வரும் அந்த 'டக்'கை வைத்தே அவன் கோபத்தில் இருக்கிறானா சிரிப்பில் இருக்கிறானா என்று சொல்லிவிடுவாள்.

வெள்ளானூர் அடுக்குமாடியில் அந்தச் சத்தம் தயங்கித் தயங்கி வந்தது. கூடவே ஒரு பெண்ணின் குரலும். குடியிருப்போர் சங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் கார்த்திகா!

"அந்தப் பொண்ணுக்கு மேல இன்னாங்க வேலை?" என்று கீழேயிருந்து கத்தினாள் ஷாகிதா.

"வூட்டு நம்பர் காட்டுதும்மே. உனக்கு இன்னா இப்போ?"

ஷாகிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெருநாளைக்குப் பச்சை வளையல் கேட்டிருந்தாள். பழுப்பு வளையலை வாங்கிவந்து, "கேட்டாமாரியே பச்சை" என்று கூசாமல் சொன்னவன் அல்லவா இவன்! அப்படியானால் அந்தப் பச்சை எங்கே? காலையில் கார்த்திகாவின் கையைப் பார்த்தாள். பச்சை. குலுங்கக் குலுங்கப் பச்சை!

அதற்குள் வாட்ச்மேன் சிவராமன் வந்தார்.

"இன்னாம்மா இது? மூணாம் நம்பருக்குப் போட்டா நாலாம் நம்பர்காரம்மா எடுத்துத் திட்டுது. நாலுக்குப் போட்டா மூணு!"

"அவர் புத்தி வேற எங்கியோ கீது அண்ணாத்தே," என்றாள் எரிச்சலோடு.

அடுத்த மாடியின் ஜோடிகளைச் சோதிக்க, டெஸ்ட் போனைக் கட்டையில் மாட்டிக் காதில் வைத்தாள். மேலே அவனும் தன் போனை அதே ஜோடியில் மாட்டியபடியே மறந்திருந்தான். பேச்சு தெளிவாகக் கேட்டது.

"ஷாகிதாக்குத் தெரியவே கூடாதும்மா."

யா அல்லாஹ்! அறுத்து எறிந்துவிடலாமா எல்லாவற்றையும்?

"எத்தினி நாளைக்கு மறைப்பீங்கண்ணே?" கார்த்திகாவின் குரல். "இது பழுப்பு. பச்சை அதுக்கு முன்னாடி கீது பாருங்க."

"ரெண்டும் ஒண்ணாத்தாம்மா தெரியுது. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா தொழிலை வுட்ருன்னுவா. இத வுட்டா எனக்கு இன்னா தெரியும்?"

ஷாகிதா கட்டையைப் பார்த்தாள். மூன்றாவது ஜோடி பச்சை, நான்காவது பழுப்பு. வாட்ச்மேன் சொன்னபடி மாறிப்போனவை அவை இரண்டும்தான். பிறகு தன் மணிக்கட்டில் கிடந்த பழுப்பு வளையலைப் பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை. பச்சை என்று நம்பித்தான் வாங்கியிருக்கிறான். ஊரில் எத்தனை கைகளில் பச்சை வளையல் இல்லை! பாவி மனசு ஒரு கையை மட்டும் பார்த்ததே!

படியேறிப் போனாள். கார்த்திகா பதறி எழுந்தாள்.

"நீ கீழ போய் டெஸ்ட் போனைப் புடி கண்ணு."

முஸ்தகீமின் முகம் வெளுத்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேபிளைக் கையில் எடுத்தாள்.

"நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம். அதுவரைக்கும் கலர் நான் சொல்றேன், நீங்க குத்துங்க. மொதல்ல இந்த மூணையும் நாலையும் மாத்துங்க."

அவன் மூன்றையும் நான்கையும் மாற்றிக் குத்தினான். பிறகு அவள் கையைப் பார்த்துத் தயங்கிக் கேட்டான்.

"அந்த வளையல்... பச்சைதானே?"

"பச்சைதாங்க," என்றாள் ஷாகிதா. "பிரிங்க, அடுத்த ஜோடியை."

டூல் 'டக்'கென்றது, தயங்காமல்.